அட்டையில் உள்ள வயது

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு, கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கந்தப்பன் தான் குடியிருந்த லயத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

வெள்ளிக்கிழமை பெட்டி வீட்டுக்கு வந்தது. காலடியில் உட்கார்ந்திருந்த மகள் ரஜிதா, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னாள்: மழை, பாசி, கால் வழுக்கிவிட்டது. அத்தோடு நிறுத்திக்கொண்டாள். விடிகிற நேரத்தில் ஏழாவது தடவையாக அவர் ஏன் கக்கூஸுக்கு இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் விழுந்த அன்று பத்து மணிக்குக் கண்டியில், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் டெஸ்ட் இருந்தது. குடலைச் சுத்தமாக்கும் மருந்துத் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக ஊற்றிக் கொடுத்தது அவள்தான். பெரியப்பா குடல் புற்றுநோயில் உருகிப்போனதைப் பார்த்தவள். ஐந்து வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பார்த்ததில் ஒன்றுமில்லை. ஐந்து வருடம் முடிந்ததும் திரும்பக் கூட்டிப்போனாள். டாக்டர் அடையாள அட்டையைப் பார்த்தார்.

“எண்பதத் தாண்டுனவங்களுக்கு நான் இத எழுதுறதில்லம்மா. நல்லதவிடக் கஷ்டந்தான் கூட. இவருக்கு எழுபத்திமூணுதான?”

ரஜிதா தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் அப்பா சிரித்தார். “எட்டு வயசக் கொறச்சுப்புட்டியே புள்ள. பொண்ணு பாக்கக் கெளம்பலாம் போல.” கொஞ்சதூரம் நடந்து, “எனக்கு ஒன்னும் செய்யல. ஒன் பயத்துக்குத்தான் வாரேன்” என்றார்.

அட்டை எடுத்த காலத்தில் அவருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்து எட்டு வயது குறைவாகப் போட்டார். அந்தத் தவறால் எட்டு வருடம் கூடுதலாகத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருந்தது. அதனால் அப்பா வாயே திறக்கவில்லை. அம்மா சாகக் கிடந்தபோது உண்மையான வயதை ரஜிதாவிடம் மட்டும் சொன்னாள். தம்பி சுதாகரன் அப்போதே கொழும்பில்.

அவன் இப்போது தலைமாட்டில் நின்றான். டெஸ்ட் விஷயம் அவனுக்குத் தெரியும். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனில் சொன்னவன்.

மத்தியானம் வட்டவளையிலிருந்து அத்தை மீனம்மா வந்தாள். அழுது ஓய்ந்து, பெட்டியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

“எனக்கே எழுபத்தெட்டு ஆச்சு. அண்ணன் எனக்கு மூணு வருசம் மூப்பு. நான் கெடக்கேன், அது போயிருச்சே.”

சுதாகரன் அத்தையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். ரஜிதா மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கினாள்.

சற்றுக் கழித்து அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டான். குரலை உயர்த்தவில்லை.

“டாக்டர்கிட்ட சொன்னியாக்கா?”

“கேட்டாரு. அட்டையில உள்ளதுக்குத் தலையாட்டிட்டேன்.”

“எண்பத்தியொன்னுன்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்டா. சொன்னா வேணாம்னுருவாரு. பெரியப்பா மாதிரி ஆயிரக்கூடாதேன்னு...”

தப்பு மேளம் அடிக்கிறவர்கள் வாசலில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொள்ளிச்சட்டி எடுக்கப் போனான்.

நான்கரை மணிக்கு அடக்கம் முடிந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு சுதாகரன் வந்தான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். ராத்திரிக்கு வட்டவளையில், அத்தை வீட்டில் தங்கிக்கொண்டான்.