ஒன்பதரை மணிக் கையெழுத்து

…அது வெளியே விழுந்த பந்து, சந்தேகமே இல்லை, கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே, ஆனால் உள்ளே என்று மெஷின் சொல்லிவிட்டது, மெஷினோடு எவன் மல்லுக்கு நிற்பது, மூன்றாவது செட்டில் ஃபவாஸ் நான்கு, அந்த பிரெஞ்சுக்காரன் மூன்று, இவனுக்கென்றால் மெஷின்கூடப் பரிந்துகொண்டு வருகிறது என்று வெற்றி நினைத்தான். திருவொற்றியூர் வீட்டின் கூடத்தில், டிவிக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு, டென்னிஸ் ராக்கெட் கைப்பிடிக்குப் புது கிரிப் சுற்றிக்கொண்டிருந்தான், கேட்டால் ஃபைனல் பார்க்கவில்லை, கிரிப் சுற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யார் கேட்கிறார்கள், அப்பா சுப்புராயனுக்கு டிவியை விட்டால் உலகமே இல்லை, முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன், வெற்றி ஆடும்போது ஒரு தடவைகூடக் கையைத் தட்டியதில்லை, இப்போது தொடையில் அடித்துக்கொள்கிறார், “தோ பாரு, இன்னாமா அடிக்கிறான் நம்ம பையன்!” நம்ம பையனாம்… வண்ணாரப்பேட்டை ஃபவாஸ் எந்தத் தேதியிலிருந்து இந்த வீட்டுப் பையன் ஆனான்? ராயபுரம் ரயில்வே கிரவுண்டின் வெடித்த சிமெண்டுத் தரையில் எட்டு வருஷம் எதிரும் புதிருமாக ஆடினோம், பத்துக்கு ஏழு தடவை ஜெயித்தவன் யார், அதை எந்த டிவியில் போட்டார்கள்?

நியாயமாகப் பார்த்தால் அந்த இடம் யாருடையது? போன ஞாயிற்றுக்கிழமை இதே போட்டியின் தகுதிச் சுற்றில், கடைசி ஆட்டத்தில் இரண்டு பேரும்தான் ஆளுக்கொருவனிடம் தோற்றார்கள், வெற்றியாவது மூன்று செட் இழுத்தான், ஃபவாஸ் ஒரு மணி நேரத்தில் பையைக் கட்டினான். அப்படித் தோற்றவர்களுக்கும் ஒரு சந்து உண்டு, பிரதான சுற்றில் எவனுக்காவது கால் பிசகினால், வயிறு கலக்கினால், அவன் இடம் தோற்றவர்களில் ரேங்க் கூடியவனுக்கு, ஆனால் வீடு தேடி வராது, காலையில் முதல் ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போய், நேற்று அடிவாங்கிய அதே மூஞ்சியோடு, காத்திருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், ஒன்பதரை என்றால் ஒன்பதரை, ஒரு நிமிஷம் தாண்டினாலும் பேப்பரை எடுத்துவிடுவார்கள். பட்டியலில் வெற்றிதான் முதல் ஆள், ஃபவாஸ் இரண்டாவது. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வெற்றியின் கையெழுத்து இல்லை, ஒன்பதே முக்காலுக்கு ஒரு செக் நாட்டுக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விலகினான், ஃபவாஸ் உள்ளே போனான், போனவன் முதல் சுற்றில் தோற்றுத் தொலைக்காமல் ஒருத்தன், இரண்டு பேர், மூன்று, நான்கு பேரைத் தட்டிவிட்டு இன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் ஃபைனல் ஆடுகிறான்… தினம் தினம் அந்தப் பேர் ஒரு கட்டம் முன்னேறி அச்சாகும்போது அங்கே தன் பேரை வைத்துப் படித்துப் படித்து வெற்றிக்கு வயிறு எரிந்தே போய்விட்டது. முப்பத்தோரு வயசு. இந்த வருஷத்துக்குள் ஒரு போட்டியிலாவது பிரதான சுற்றில் ஆடாவிட்டால் மாதவரத்தில் ஒரு ஸ்கூலில் கோச்சாகச் சேர்ந்துவிடுவதாக மனைவி நர்மதாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். கோச், விசில், வெள்ளைத் தொப்பி.

எல்லாம் அந்தக் கண்டெய்னர் லாரிகளால் வந்த வினை. ஆறு நாளாகக் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னான், எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக கேட் வரைக்கும் லாரி வரிசை, நடுவில் பைக்கோடு மாட்டிக்கொண்டேன், நகரவே இல்லை, தலையெழுத்து. கேட்டவர்களும் உச்சுக் கொட்டினார்கள், இந்தப் பக்கத்தில் லாரியைத் திட்டாத நாக்கு உண்டா. ஃபவாஸ் மூன்று தடவை போன் பண்ணியிருந்தான், அதுவும் எரிச்சல்தான், பெரிய தர்மப் பிரபு, வெற்றி வராவிட்டால்தான் அவனுக்கு இடம், அப்படியும் கூப்பிடுகிறானாம், நாளைக்கு நாலு பேரிடம் நான் கூப்பிட்டேனே என்று சொல்லிக்கொள்ளத்தானே? வாய்ஸ் மெசேஜ் வேறு. “வெற்றிண்ணா, எங்க கீறே? இன்னும் பத்து நிமிஷந்தான் கீது, நீ வந்துகினு கீறேன்னு சொல்லி வெச்சிருக்கேன், சீக்கிரம் வாண்ணா.” அந்தக் குரலில் கள்ளம் தேடி எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பான்? ஒரு துளி கிடைக்கவில்லை, அதற்காகவும் ஆத்திரம் வந்தது.

ஐந்து–நான்கு. இடைவேளை, டிவியில் ஃபவாஸ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நர்மதா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், சண்டைக்கு இழுக்கிற குரலெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள், “மாமா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். தெனமும் தேரடி ஸ்டேசன்ல மெட்ரோ ஏறித்தானே போய்கினு இருந்தே? அன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு வண்டிய எடுத்தே? அதும் காலைல எவனாச்சும் எக்ஸ்பிரஸ் ரோட்ல போவானா?” கண்டெய்னர் என்று தொடங்கப் போனான், கிரிப்பை இழுத்து இன்னொரு சுற்று சுற்றினான். “லேட்டாயிடுச்சின்னு…” என்றான். “லேட்டாச்சின்னா மெட்ரோல தானே போவாங்க” என்றாள் அவள், அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தீர்த்திருக்கலாம்.

எதற்கு வண்டியை எடுத்தேன்? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், காலை எட்டே முக்காலுக்கு அந்த ரோடு எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், தெரிந்தேதான் திருப்பினேனா, சே, அப்படியெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தோற்ற கோபம், மெட்ரோவில் யாராவது என்ன ஆச்சு என்று கேட்பார்களே என்று… டிவியில் கூட்டம் எழுந்து நின்றது, மேட்ச் பாயிண்ட், ஃபவாஸ் பந்தை நான்கு தடவை தட்டினான், சர்வ், பிரெஞ்சுக்காரனின் பந்து வலையில் மோதி அவன் பக்கமே விழுந்தது, 4–6, 7–6, 6–4, அப்பா சொம்பும் கையுமாக ஓடி வந்து, “ஜெயிச்சிட்டான்டா வெற்றி, ஜெயிச்சிட்டான்!” என்று அழுதார், தனக்காக ஒரு நாளாவது இப்படி அழுதிருக்கிறாரா, அழ வைக்க நாம் எங்கே போனோம். அவனும் எழுந்து நின்றான், கையைக்கூடத் தட்டினான். லாரிகளுக்கு நடுவில் அன்றைக்கு போனை எடுத்து மணி பார்த்தது நினைவுக்கு வந்தது, ஒன்பது முப்பத்திரண்டு, இனிமேல் போனாலும் ஆகாது, பாதையோரம் ஒரு டீக்கடை, வண்டியை ஸ்டாண்ட் போட்டு டீ சொன்னான், யாரையும் திட்டவில்லை, இனி அந்த மூஞ்சியோடு அந்த மேசைக்குப் போய் நிற்க வேண்டியதில்லை, டீ நன்றாக இருந்தது… அவ்வளவு நன்றாக இருந்ததால் இன்னொரு டீயும் வாங்கிக் குடித்தான்.