கட் சொல்லாத ஷாட்

படக்கம்பெனி மேனேஜருக்கு யூனிட்டில் வைத்த பெயர் 'மணியாச்சு'. பல் துலக்குகிறவனைக்கூட விடமாட்டார்; பக்கத்தில் போய் நின்று "மணியாச்சு, மணியாச்சு" என்று உயிரை வாங்குவார். அந்த அவசரம் மட்டும் இல்லையென்றால் பாதிப் படங்கள் தியேட்டருக்கே வந்திருக்காது என்பதும் உண்மைதான்.

அடுத்த மாதப் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க டைரக்டர், கேமராமேனோடு வெளிநாடு வந்தவர், பத்து வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு, அம்மாவுக்கு லீவு இல்லை. பெண்ணுக்கும் சினிமா என்றால் கொள்ளை ஆசை. சோறு ஊட்டுகிற வயதிலேயே அப்பா "ஆக்‌ஷன்" என்றால் வாயைத் திறப்பாள், "கட்" என்கிறவரை மெல்லுவாள். ஒருநாள் நடுவில் போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால், வாயில் ஒரு பருக்கை இல்லாமல் மென்றுகொண்டே கண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பார்க்க வந்த வீடு தெருக்கோடியில், ரொட்டிக்கடைக்கு எதிரே, பச்சைக் கதவு போட்டுக் காலியாகக் கிடந்தது. இரண்டே அறைகள். பின்பக்கம் முழுச்சுவர், ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்திருந்தது. உள்ளே நின்றபோது எங்கேயோ குடுகுடுவென்று சத்தம் கேட்டது.

"எலி சார்" என்றார் மேனேஜர். டைரக்டருக்கு எலி உட்பட எல்லாமே பிடித்துப்போயிற்று.

பிடிக்காத ஒரே ஆள் ரொட்டிக்கடைக்காரர். தலையெல்லாம் நரைத்து, கையெல்லாம் மாவாக, கடைக்கு வெளியே நாற்காலி போட்டு அந்தப் பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், இவர்களைக் கண்டதும் எழுந்து வந்து படபடவென்று பேசினார். மொழிபெயர்க்க அமர்த்தியிருந்த ஆள் நம் பக்கத்திலிருந்து போய் அங்கேயே குடியேறியவர். அவர் கையை உதறினார். "விடுங்க சார், கொஞ்சம் மறை கழண்ட கேஸ்."

கதையில் ஒரு சிறுமி அந்த வீட்டுக்குள் ஓட வேண்டும். எப்படி இருக்கும் என்று பார்க்க டைரக்டர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"பாப்பா, நீ ஓடு. ஆக்‌ஷன்!"

மகள் ஓடினாள். பச்சைக் கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது. மேனேஜரின் கண் வழக்கம்போலக் கடிகாரத்துக்குப் போயிற்று.

"சார், மணியாச்சு! அடுத்த லொகேஷன் மலைமேல, வெளிச்சம் போயிடும்."

டைரக்டர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேமராமேனோடு வேனில் ஏறினார். மகளைக் கூட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பாளரின் காரில் பின்னாலேயே வருவதாக மேனேஜர் சொன்னார். வேன் தெருவைத் தாண்டிவிட்டது. மகள் வரவில்லை.

"பாப்பா, போதும், வா!"

உள்ளே போனார். முன்னறையில் ஆள் இல்லை, பின்னறையிலும் இல்லை. ஒளிந்துகொள்ள ஓர் அலமாரிகூட இல்லை. பலகைகளைத் தட்டினார், சுவரைத் தட்டினார், பெயர் சொல்லிக் கத்தினார். குடுகுடுவென்ற சத்தம் மட்டும் அப்பால் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

வெளியே ஓடி வந்தால் ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நிற்கிறார். அவர் சொல்வதைக் கேட்கக் கேட்க மொழிபெயர்ப்பாளரின் முகம் வெளுத்தது.

"இவர் பொண்ணும் இப்படித்தான் போனாளாம் சார். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு யூனிட் வந்திருக்கு. ஒரு வார்த்தை சொன்னா உள்ள ஓடுவாளாம், இன்னொரு வார்த்தை சொன்னா வெளிய வருவாளாம். கடைசித் தடவை மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் வண்டிக்கு ஓடிட்டாங்க. அந்த ரெண்டாவது வார்த்தையை யாரும் சொல்லலையாம்."

ரொட்டிக்கடைக்காரர் கதவருகே குனிந்து, தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல மெல்லச் சொன்னார்: "கட்."

ஒன்றும் நடக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தினமும் சொல்லிப் பார்க்கிறவர் என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

"கட்!" என்று மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார். "கட்! கட்!" யார் ஓடச் சொன்னாரோ அவர் சொன்னால்தான் உண்டு என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மலைப்பாதையில் போன் கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டார். கிடைத்தது.

"யோவ், என்னய்யா? இப்பதானே கிளம்பினோம்?"

"சார், ஒரே ஒரு தடவை கட் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன் சார்!"

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?" என்றார் டைரக்டர். அழுகையைக் கேட்டோ என்னவோ, பிறகு சொன்னார்: "சரி. கட்."

மேனேஜர் போனைக் கதவை நோக்கி நீட்டியிருந்தார். கதவு திறந்தது. மகள் வியர்த்து விறுவிறுத்து, மூச்சிரைக்க வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"எங்கப்பா போனீங்க? ஓடறேன் ஓடறேன், ரூம் முடியவே மாட்டேங்குது. நிக்கவும் முடியல."

அவர் அவள் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். தெரு என்றும் பாராமல் அழுதார்.

"முன்னாடி ஒரு பொண்ணு ஓடறாப்பா. என் உயரம்தான். வான்னு கையைப் பிடிச்சேன். காதைத் தொட்டுக் காட்டி, இல்லேன்னு தலையாட்டிட்டு மறுபடி ஓடறா. அவளுக்கு இன்னும் சொல்லலையாம்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து மூலை மழுங்கிய புகைப்படம் ஒன்றை எடுத்தார். பழைய யூனிட், நடுவில் தொப்பி போட்ட டைரக்டர். அவரை மேனேஜருக்குத் தெரியும். நம்மவர்தான். போன வருஷம் அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது, வாசலில் நின்று "மணியாச்சு, தூக்குங்க" என்று அவசரப்படுத்தியதே இவர்தான்.

"இந்த டைரக்டர் எப்ப வருவார்னு கேட்கறார் சார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மேனேஜர் மகளின் கையை இறுக்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அவசரப்படத் தோன்றவில்லை.

"வருவார்னு சொல்லுங்க."

ரொட்டிக்கடைக்காரர் கேட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்தார், கன்னத்தில் மாவு ஒட்டியது. கடைக்குள் போய்ச் சூடான ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து மகளின் கையில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கதவுக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே அந்தக் குடுகுடு சத்தம் நிற்கவில்லை. அதை எலி என்று சொல்ல இனி மேனேஜருக்கு வாய் வராது.