ஒரு நூல் மரம்

யேசுதாஸ் போட்ட துளை தப்பாது. மிஷன் பள்ளியில் கைத்தொழில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருப்பரங்குன்றத்து வீட்டின் பின்பக்கம் துளைபோடும் மெஷின் ஒன்றை நிறுத்தி, புகையிலை பிடிக்கும் மர பைப்புகள் செய்துகொண்டிருந்தார். கட்டையை உருட்டிச் செதுக்கிவிட்டால் மெஷினில் பிடிமானம் இருக்காது. அதனால் சதுரமாக இருக்கும்போதே துளைத்துவிட வேண்டும். முதலில் புகையிலை அடைக்கும் கிண்ணம், பிறகு காம்பு வழியாகப் புகை வரும் சன்னத் துளை. இந்த இரண்டாவதுதான் உயிரை வாங்கும். மெஷினில் மாட்டிய நீளமான துளைப்பிட்டு மரத்தின் ரேகையோடு வளைந்துகொண்டு போகப் பார்க்கும். கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, தூளைத் தட்டி, மறுபடி இறக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் நட்டநடுவில் போய் அது வாய் திறந்தால்தான் பைப்பு.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நண்பர் சோணை, பல வருஷமாக யேசுதாஸ் செய்த பைப்பைத்தான் பிடித்தார். பிடித்துப் பிடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது அந்தப் பைப்பை அவர் மனைவி பாண்டியம்மாள் அடுப்பில் போட்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? புருஷன் மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

சோணை போன் போட்டார். "புதுசா ஒண்ணு செஞ்சு தாங்க வாத்தியாரே. புகையில போட மாட்டேன். வெறும் பைப்ப வாயில வச்சு இழுத்துக்கிட்டுக் கெடப்பேன்."

மறுநாள் பாண்டியம்மாள் போன் போட்டாள். "செஞ்சு குடுத்துருங்கண்ணே, இல்லாட்டி வேற எங்கிட்டாவது வாங்கிருவாரு. ஆனா புகை வராத மாதிரி செய்ங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

யேசுதாஸ் ஜெபித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நண்பனை ஏமாற்றவும் மனசில்லை, சாகக் கொடுக்கவும் மனசில்லை. கடைசியில், ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டில் சுற்றும் டேப்பை வழக்கமான இடத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், முன்னால் சுற்றினார். கிண்ணத்துக்கும் துளைக்கும் நடுவே அந்த ஒரு நூல் கனத்துக்கு மரம் அப்படியே நின்றது. கிண்ணத்தின் அடியில் துளை மாதிரித் தெரிய ஒரு கரும்புள்ளியும் வைத்தார். அதை வைக்கும்போது கை கூசியது.

பைப்பை எடுத்துக்கொண்டு அவர் போனபோது சோணை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து எழும்பும், எழும்ப எழும்ப நுரையீரல் தேறுகிறது என்று அர்த்தம்.

"ரெண்டு பந்து எந்திரிச்சிருச்சு வாத்தியாரே. மூணாவதும் லேசா அசையுது," என்றார் சோணை. முகத்தில் அம்புட்டுப் பெருமை.

பைப்பை வாங்கி மோந்து பார்த்தார். வாயில் வைத்து இழுத்தார். கன்னம் குழிந்தது. மறுபடி இழுத்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"வாத்தியாரே, எனக்குக் காத்தே இழுக்க வரல."

துளையைத் திட்டுவார், தன்மேல் கோபப்படுவார் என்றுதான் யேசுதாஸ் நினைத்திருந்தார். இப்படி எடுத்துக்கொள்வார் என்று அவர் யோசிக்கவே இல்லை.

"மாப்ள, உனக்கு ஒண்ணுமில்ல. நான்தான் துளைய முழுசாப் போடல. வேணும்னேதான் விட்டேன்." பைப்பை வாங்கித் தானே இழுத்துக் காட்டினார். "பாரு, எனக்கும் வரல."

சோணை சிரித்தார். "நடிக்காதீங்க வாத்தியாரே. உங்க துளை தப்புமா? நேத்தா பழகுறோம்?"

பாண்டியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நான்தாங்க அடைச்சு வைக்கச் சொன்னேன். சத்தியமா நான்தான் சொன்னேன்."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத் தேத்துறீங்களாக்கும்."

ஒரு கம்பி இருந்தால் துளைக்குள் விட்டுக் காட்டிவிடலாம் என்று யேசுதாஸ் எழுந்தார். சோணை அதற்குள் பந்துப் பெட்டியை எடுத்து மனைவியிடம் நீட்டியிருந்தார்.

"இத உள்ள கொண்டு போயி வையி. இனிமே எதுக்கு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.