ஊதா நிறத்தில் ஒரு வீடு

நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்க்கு வாய் சட்டம் பேசுகிறவள். ஏரியைக் காப்பாற்ற அதைச் சுற்றிப் பச்சைக் கோடு போட்டதும் அவள்தான். பச்சைக்குள் ஏற்கெனவே இருக்கிற வீடு இருக்கலாம். அதன்மேல் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. அவளுடைய தம்பி வீடு, தொழிற்பேட்டையை ஒட்டிய கடைசி வீடு, அதற்குள் மாட்டிக்கொண்டது.

"ரெண்டு பொண்ணுங்க வளர்ந்து நிக்குதுக்கா. மேல ஒரு ரூம் போடணும். எல்லாம் உன் கையிலதானே இருக்கு?" என்று தம்பி நடையாய் நடந்தான். கூடப்பிறந்த பாசம் யாரை விட்டது? எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவன் வீடு வெளியே வருகிற மாதிரி கோட்டை லேசாக வளைத்துவிட்டாள். ஏரி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அரசு முத்திரை விழுந்த இறுதிப் படத்தை இன்று கூடத்தில் மாட்டினார்கள். ஊர் சனம் முண்டியடித்துக்கொண்டு அவரவர் வீட்டைத் தேடியது. அக்காவும் எட்டிப் பார்த்தாள்.

தம்பி வீடு ஊதா நிறத்தில் இருந்தது.

நிலப் படத்தில் நிறமில்லாத இடம் என்று ஒன்று இருக்கவே கூடாது. பச்சையிலிருந்து கழன்ற துண்டைக் கணினி பக்கத்து நிறத்தோடு தானாகச் சேர்த்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. அன்றைக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, கோட்டைப் பார்த்தவள் நிறத்தைப் பார்க்கவில்லை.

"ஊதான்னா என்னக்கா?" தம்பி சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"தொழிற்பேட்டை. அங்க வீடே இருக்கக் கூடாதுடா. காலி பண்ணச் சொல்லுவாங்க."

"பக்கத்து வீடு?"

"அது பச்சை. அவங்க இருக்கலாம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "மேல ஒரு ரூம்தானேக்கா கேட்டேன்?"

படத்தை மறுபடி பார்த்தவன், ஏதோ வழி பிறந்த மாதிரி அவள் கையைப் பிடித்தான். மெதுவாகப் பேசுவது அவன் பிறவியிலேயே கிடையாது. "சரி, விடு. அன்னைக்கு யாருக்கும் தெரியாம கோட்டை நகர்த்தினியே, அதே மாதிரி இன்னொரு தடவை நகர்த்திடுக்கா."

படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.