ஐந்து வெள்ளைக்கரு

ஐந்தாவது முட்டையின் ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. நெல்ஃபா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஓட்டில் ஒட்டியிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி, அதையும் செனியோவின் நீல டப்பாவுக்குள் வழித்துப் போட்டாள். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதைத் தன் வாயில் போட்டுக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. இரண்டு வருடமாக இந்த வீட்டில் வெள்ளைக்கரு புருஷனுக்கு, மஞ்சள்கரு பிள்ளைகளுக்கு.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பகோலோட் நகரத்துப் பெரியாஸ்பத்திரியில், சிறுநீரகம் கெட்டுப்போன செனியோவின் ரத்தத்தை இயந்திரத்துக்குள் ஓடவிட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிறார்கள். அதற்கு அரசாங்கக் காப்பீடு உண்டு. ஆனால் அந்த இயந்திரம் அழுக்கை எடுக்கிற சாக்கில் உடம்பின் சத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. போனதைச் சாப்பாட்டில்தான் மீட்க வேண்டும். சாப்பாட்டுக்குக் காப்பீடு கிடையாது.

கொஞ்சத்தில் சத்தாகச் சமைக்க நெல்ஃபாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வீடுகளில் துணி துவைத்து வந்த கையோடு அடுப்பை மூட்டுவாள். பச்சைப்பயறை முருங்கைக்கீரையும் ஒரு பிடி நெத்திலிக் கருவாடும் போட்டுக் குழைய வேகவிடுவாள். ஒரு டின் மத்தி மீனைச் சேமியாவில் உடைத்துவிட்டு நான்கு பேருக்கு ஆக்குவாள். கோழிக்கால், கோழித்தலை, பன்றி ரத்தம், சந்தை கலைகிற நேரத்தில் அள்ளிப்போடுகிற கணவாய்த் தலை எல்லாமே அவள் கையில் ருசியாகும். செனியோ கரும்பு லாரி ஓட்டிய காலத்தில் அந்தப் பயறுக் குழம்பை மூன்று தட்டு சோற்றோடு சாப்பிட்டுவிட்டு, தட்டையும் வழித்து நக்குவான். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் தந்த தாளில் அத்தனைக்கும் பெருக்கல் குறி போட்டிருந்தது. பயறு கூடாது. கீரை கூடாது. கருவாடு, டின் மீன், எலும்புச்சாறு எதுவும் கூடாது. மலிவாகக் கிடைப்பதில் அவன் உடம்புக்கு ஆகும் என்று கடைசியில் மிஞ்சியது முட்டையின் வெள்ளை மட்டும்தான்.

"இன்னிக்கும் மஞ்சளாம்மா?" என்றான் டிண்டோய். அவனுக்கு ஆறு வயது. மஞ்சள்கருவைச் சோற்றில் பிசைந்து, கொஞ்சம் உப்புத் தூவி அவன் முன்னால் வைத்தாள். வறுத்தும் பார்த்திருக்கிறாள், ரொட்டியில் தடவியும் பார்த்திருக்கிறாள். எப்படிக் கொடுத்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு மூத்தவள், பதினோரு வயது ரோவெனா, தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினாள்.

செனியோ சட்டையை மாட்டிக்கொண்டு டப்பாவை எடுத்துக்கொண்டான். "பெனிங் வீட்டுப் பக்கம் இருக்கேன். அங்க காத்தாட உக்காந்து தின்னா இறங்குது."

"அஞ்சையும் தின்னுடணும்ப்பா," என்றாள் நெல்ஃபா.

"தின்னுடறேன், தாயே."

பெனிங் மூன்று வீடு தள்ளி இருப்பவன். ஒரு முதலாளியின் கட்டுச்சேவல்களை வளர்த்துச் சண்டைக் களத்துக்குக் கொண்டுபோவது அவன் வேலை. டிண்டோய்க்கு ஞானத்தகப்பன். அந்த உறவு முறையில் அவனும் செனியோவும் ஒருவருக்கொருவர் 'பாரே', நெல்ஃபா அவனுக்கு 'மாரே'. வீட்டில் சமையல் வாடையே குமட்டுகிறது என்று செனியோ அங்கே போய் உட்கார ஆரம்பித்ததில் அவளுக்கு நிம்மதிதான். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனைத் தாளோடு ஆலோசனைப் பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். சின்னப் பெண். பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"சத்து இன்னும் இறங்கியிருக்குங்க. போன மாசத்தவிட மோசம். இப்படியே போனா காலு வீங்கும், புண்ணு ஆறாது. எதாவது காய்ச்சல் வந்தா உடம்பு தாங்காது."

"தினம் அஞ்சு வெள்ளைக்கரு குடுக்கறேன், மிஸ். ஒருநாள்கூட விட்டதில்ல."

அந்தப் பெண் பேனாவையே பார்த்தாள். "வீட்ல சின்னப் பசங்க இருக்காங்கல்ல? தப்பா எடுத்துக்காதீங்க. நெறைய வீட்ல நடக்கறதுதான். பசங்க பசின்னு நின்னா பெத்தவ என்ன பண்ணுவா?"

நெல்ஃபாவுக்குக் காது மடல் சுட்டது. 'என் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்பது வாய்வரை வந்து நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டில்கள். நான்காவதில் செனியோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தான். தூங்குகிறானா, தூங்குவதுபோல் கிடக்கிறானா என்று தெரியவில்லை. வீடு வந்து சேருவதற்குள் அந்தப் பெண் போட்ட விதை அவளுக்குள் முளைத்துவிட்டது. முட்டையை உரித்து வைத்துவிட்டு அவள் குளிக்கப் போகிற நேரம் ஒன்று இருக்கிறதே. அப்போது அடுப்படியில் யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் தட்டு கழுவிக்கொண்டிருந்த ரோவெனாவின் பின்னால் போய் நின்றாள்.

"உண்மையச் சொல்லு. அப்பா டப்பாவுல கைய வெக்கிறியா?"

ரோவெனா திரும்பினாள். கையிலிருந்து நுரை சொட்டியது.

"கேக்கறேன்ல? ஒண்ணு ரெண்டு எடுத்தியா? எடுத்திருந்தா அடிக்க மாட்டேன், சொல்லு."

"எனக்கு அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சும்மா," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல்போலச் சொல்லிவிட்டு மறுபடி தட்டுக்குத் திரும்பினாள். யாருமே ஒன்றும் கேட்காத டிண்டோய் மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். நெல்ஃபா அவனைத் தூக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. கொடியில் காயாமல் கிடந்த துணிகளை உள்ளே எடுத்து, மறுபடி வெளியே கொண்டுபோய்ப் போட்டாள்.

புதன்கிழமை செனியோ சாப்பாட்டோடு மெல்ல வேண்டிய மாத்திரையை மறந்துவிட்டுப் போனான். இரண்டு வீட்டுத் துணிக்கு நடுவில் கிடைத்த நேரத்தில், சோப்பு வாடை போகாத கையில் அதை மடித்து எடுத்துக்கொண்டு பெனிங்கின் தோட்டத்துக்குப் போனாள். மூங்கில் வேலிக்குள் முக்கோணக் கூரை போட்ட சின்னச் சின்னக் குடில்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் காலில் கயிறு கட்டிய ஒரு சேவல். ஒன்று கூவினால் நாற்பதும் கூவும். அந்த இரைச்சலில் அவள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

செனியோ ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் டப்பா திறந்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் வெள்ளைக்கருவைப் பொடிப்பொடியாகக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து நீட்டினான். செம்பழுப்பு நிறச் சேவல் ஒன்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொத்தியது.

"மெதுவா, மெதுவா தின்னுடா ராசா. உங்கிட்டேந்து யாரும் புடுங்க மாட்டாங்க."

அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ரோவெனா கைக்குழந்தையாக இருந்தபோது கேட்டது.

தண்ணீர் வாளியோடு பெனிங் பின்னாலிருந்து வந்தான். "அட மாரே! நம்ம பயலப் பாக்க வந்தியா? பாரு எப்படி நிக்கிறான்னு. எல்லாம் உன் வீட்டு முட்டை! முதலாளி குடுக்கற தீவனத்துக்கு இந்த மினுமினுப்பு வருமா? நீதான் தினம் குடுத்தனுப்பறன்னு செனியோ சொன்னான். இந்த மனசு எம்பொண்டாட்டிக்கு வருமா, சொல்லு. ஞாயித்துக்கிழமை இவன்தான் இறங்கறான்."

நெல்ஃபா தலையாட்டினாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. பெனிங் அடுத்த குடிலுக்கு நகர்ந்தான். செனியோ தலையைத் தூக்கவில்லை. உள்ளங்கையில் மிச்சமிருந்ததைச் சேவல் கொத்தித் தீர்க்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளாப்பா?"

"மழை ஆரம்பிச்சதுலேந்து."

"அஞ்சுமா?"

"மொதல்ல ரெண்டு நான் தின்னுட்டுத்தான் மிச்சத்தப் போட்டேன்." அவன் கையைக் கால்சட்டையில் துடைத்தான். "வாயில வெச்சா துருப்பிடிச்ச ஆணியச் சப்பற மாதிரி இருக்கு. உள்ள போனா வயிறு எதுத்துக்கிட்டு நிக்குது."

"பசங்களுக்குக் குடுத்திருக்கலாமே."

"குடுத்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

கத்தலாம் என்று நினைத்தாள். பெற்ற மகளைத் திருடியா என்று கேட்டதைச் சொல்லிக் கத்தலாம். அவன் கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்தி நின்றது. அதைப் பார்த்ததும் வந்த சத்தம் அடங்கிவிட்டது.

"எனக்குள்ள போடறது எங்க போகுதுன்னே தெரியல, நெல்ஃபா. அந்த மெசினு மொத்தத்தையும் உறிஞ்சிடுது. இவனப் பாரு. இங்க, நெஞ்சுல தொட்டுப் பாரு. போட்டது போட்ட எடத்துல இருக்கு."

சேவலைத் தூக்கி நீட்டினான். அவள் தொட்டாள். இறகுக்கு அடியில் சூடாக, கல்மாதிரி இறுகிக் கிடந்தது நெஞ்சு. உள்ளே இதயம் படபடவென்று அடித்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் மெல்ல வேண்டும். சாப்பாடே இல்லாதவனுக்கு அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை. மடித்தபடியே திரும்பக் கொண்டுபோனாள்.

அடுத்த நாள் அவனை வீட்டிலேயே எதிரில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. இரண்டை விழுங்கினான். மூன்றாவதை வாயில் வைத்ததும் எழுந்து ஓடி வேலியோரமாகக் குனிந்தான். உள்ளே போன இரண்டும் வெள்ளையாகவே வெளியே வந்தன. வெள்ளியன்று வெள்ளையை நுரைக்க அடித்துச் சர்க்கரை சேர்த்து ஆவியில் வேகவைத்தாள். அதுவும் நிற்கவில்லை. "என்ன விட்டுடேன்," என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டே. கெஞ்சலாகக்கூட இல்லை. வழியில் நிற்பவரிடம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வதுபோலச் சொன்னான்.

சனிக்கிழமை காலை அவள் ஐந்து வெள்ளையையும் பிள்ளைகளின் தட்டில் வைத்தாள். ரோவெனாவுக்கு மூன்று, டிண்டோய்க்கு இரண்டு. டிண்டோய் கையை நீட்டினான். ரோவெனா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது அப்பாவோடது."

"அப்பாவுக்கு வேணாமாம். நீங்க தின்னுங்க."

"வேணாம்மா." ரோவெனா தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பறம் இன்னொரு நாளு நீ கேப்ப."

நெல்ஃபா அந்த ஐந்தையும் எடுத்து நீல டப்பாவுக்குள் போட்டு மூடினாள். எங்கே போகிறது என்று தெரிந்தே, வாசலில் நின்ற செனியோவின் கையில் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு நடந்தான். சேவலிடம் போகும்போது மட்டும் அவன் நடையில் கொஞ்சம் நிமிர்வு இருந்தது. அதை அவள் கவனிக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெனிங்கின் மூன்று சக்கர வண்டி ஹாரனை அடித்துக்கொண்டே தெருவுக்குள் வந்தது. செனியோ வண்டியோடு ஒட்டிய பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் செம்பழுப்புச் சேவல், ஒரு கண் போய், தொடையில் கறுப்பு நூல் தையலோடு. இன்னொரு கையில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்ட வெள்ளைச் சேவல், செத்தது.

"ரெண்டே பாய்ச்சல், மாரே! ரெண்டே பாய்ச்சல்!" பெனிங் வண்டியை நிறுத்தாமலே கத்தினான். "எதிர்ச்சேவல்காரன் இவ்வளவு பெரிய ஆளு, காருல வந்தவன். மூஞ்சியப் பாக்கணுமே! இந்தா, இந்தச் செத்த கோச்சை உனக்குத்தான். ஊட்டி வளத்தவளுக்குத்தானே தோத்ததோட கறி சேரணும்!"

செனியோ சிரித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நீ வந்து பாத்திருக்கணும், நெல்ஃபா. எம்மேல ஏறி நின்னு கூவினான்."

அவள் வெந்நீர் வைத்துச் சேவலை முக்கி இறகு பறித்தாள். இறக்கைக்குக் கீழே, செம்பழுப்புச் சேவலின் காலில் கட்டிய கத்தி இறங்கிய இடம் வாய்போலத் திறந்திருந்தது. நெஞ்சை அறுத்தபோது கத்தி வழுக்கியது. அவ்வளவு இறுக்கம். இதற்கும் யாரோ ஒருவன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, பொடிப்பொடியாகக் கிள்ளி ஊட்டியிருப்பான். அவன் வீட்டில் மஞ்சள்கருவை யார் தின்றார்களோ.

கட்டுச்சேவல் கறி லேசில் வேகாது. இஞ்சி தட்டிப்போட்டு, பச்சைப் பப்பாளியும் மிளகாய்க் கொழுந்தும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டாள். வாசனை தெருவுக்கே போனது. டிண்டோய் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து மூடியைத் திறக்கச் சொன்னான். ரோவெனா யாரும் சொல்லாமலே தட்டுகளை எடுத்து வைத்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்தார்கள். பெனிங் சண்டையை மூன்றாம் முறையாகச் சொன்னான். இந்த முறை நான்கு பாய்ச்சல் ஆகியிருந்தது. பிள்ளைகள் சாற்றைச் சோற்றில் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார்கள். ரோவெனாவின் உதடும் மோவாயும் எண்ணெயில் மின்னின. அவள் இரண்டாம் முறை சோறு கேட்டபோது நெல்ஃபா தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தாள்.

"எனக்கும் ஒரு துண்டு," என்றான் செனியோ.

அவனாகக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது. நெல்ஃபா நெஞ்சுக்கறியில் ஒரு துண்டை எடுத்து, சாறு போகக் குடிதண்ணீரில் அலசி, விரல் நீளத்துக்குக் கிழித்து வைத்தாள். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு மென்றான்.

"எப்படி இருக்கு பாரே? எதிரியோட கறில்ல!" பெனிங் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். டிண்டோயும் காரணம் தெரியாமல் சிரித்தான். செனியோ தலையை ஆட்டினான், மென்றுகொண்டே. மென்றுகொண்டே இருந்தான். தெருவில் யாரோ பெனிங்கைக் கூப்பிட்டு எத்தனை பாய்ச்சல் என்று கேட்டார்கள். அவன் எழுந்து வாசலுக்குப் போனான். டிண்டோய் காலெலும்பைக் கடைவாயில் வைத்துக் கடித்து உள்ளிருப்பதை உறிஞ்சினான்.

செனியோ கண்ணை மூடினான். ஒரு கையை விரித்து மேசைமேல் அழுத்திக்கொண்டான். அவன் தொண்டை முடிச்சு மெதுவாக மேலே ஏறி அங்கேயே நின்றது. நெல்ஃபா கரண்டியைச் சட்டிக்கு மேலே பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.