காற்றடித்தும் நின்ற காற்றாலை

தையற்கூடத்து மாடியில் அந்தச் சின்னக் காற்றாலை ஏறியதிலிருந்து நாத்தனாருக்கு வாய் ஓயவில்லை. அண்ணியான தையல்காரி ஆசை ஆசையாக வாங்கியது அது. கூடத்துக்குப் போக மிஞ்சுகிற மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும்படி மாட்டியிருந்தார்கள். ஆனால் முதலில் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். தொட்டியில் மோதிக் குழம்பிய காற்றில் அது அங்குமிங்கும் திரும்பித் தவித்ததே தவிர, உருப்படியாகச் சுற்றவில்லை.

“உங்க காத்தாடிக்கு வழி தெரியலையாம் அண்ணி. யார்கிட்டயாவது விசாரிக்கச் சொல்லுங்க.”

கம்பத்தைத் தொட்டிக்கு மேலே நன்றாக உயர்த்திய பிறகு அதன் போக்கே மாறியது. தையல் மிஷின்கள் பாதி நேரம் காற்றின் தயவிலேயே ஓடின. நாத்தனாரும் கொஞ்சம் அடங்கினாள்.

ஒரு நாள் மதியம் அவளுக்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தது. பலத்த காற்றில் தெருக்கோடி மரத்தின் கிளை முறிந்து கம்பிமேல் விழ, தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. பள்ளிச் சீருடைகள் பாதித் தையலில் நின்றன. தையல்காரி மாடிக்கு ஓடினாள். அடித்த காற்று ஆளையே தள்ளியது. காற்றாலையோ தானே பிரேக் பிடித்துக்கொண்டு கம்மென்று நின்றது.

பின்னாலேயே நாத்தனார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். “நல்லா இருக்கு! கரண்ட் இருக்கறப்ப சுத்தும், இல்லாதப்ப நிக்கும்னா எதுக்கு அண்ணி இது?”

தையல்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. தெருவில் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும் என்று மாட்டியவர்கள் சொன்னது உண்மைதான். ஏனென்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை.

கிளையை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு நாத்தனாரின் கணவர் மாடிக்கு வந்தார். மின்வாரிய லைன்மேன். சட்டையெல்லாம் மரத்தூள்.

“எங்க அண்ணன் வீட்டு மிஷின் லட்சணத்தைப் பாருங்க” என்று அவரிடம் ஆரம்பித்தாள் நாத்தனார்.

அவர் அண்ணாந்து பார்த்தார். “நின்னுடுச்சா? அப்பாடா!”

“என்ன தம்பி, நீங்களும் கிண்டல் பண்றீங்க” என்றாள் தையல்காரி.

“கிண்டல் இல்லக்கா. இது பாட்டுக்குச் சுத்திட்டிருந்தா, கரண்ட் நேரா கம்பிக்கு வந்திருக்கும். நான் கை வெச்சது அந்தக் கம்பியிலதான். சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் தொடுவோம். இருந்தாலும் இந்த மாதிரி மிஷின் தானா நின்னாதான் எங்களுக்கு நிம்மதி.”

நாத்தனார் விடுவிடென்று போய்க் கம்பத்தை இரண்டு கையாலும் தடவிக்கொடுத்தாள்.

“என் தங்கம்! சமத்து!”

“கட்டின புருஷனை ஒரு நாளாவது இப்படிக் கொஞ்சியிருக்காளா பாருங்கக்கா” என்றார் லைன்மேன். தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கீழே கரண்ட் வந்து விளக்குகள் எரிந்தன. காற்றாலை உடனே அசையவில்லை. கரண்ட் நிலையாக இருக்கிறதா என்று சற்றுப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி, காற்றை வாங்கிச் சுழலத் தொடங்கியது.

“அண்ணி,” நாத்தனாரின் குரல் குழைந்தது, “எங்க வீட்டு மாடியிலயும் ஒண்ணு வைக்கலாமா?”