மச்சான் வாயில் போன மணி

இந்த வயதில் பொய் சொல்லி இவருக்கு என்ன ஆகப்போகிறது என்று சிலர் என்னை நம்புகிறார்கள். உண்மை சொல்லி மட்டும் என்ன ஆகப்போகிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. எப்படியோ, எனக்கு நூற்று நாற்பது தாண்டிவிட்டது. பிறந்த தேதியைத் தட்டினால் வங்கிக் கம்ப்யூட்டர் என்னைச் செத்தவர்கள் பக்கம் தள்ளிவிடுகிறது. நேரில் போய் இரண்டு தடவை இருமிக் காட்டினால்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

தொழில், பல் செட் செய்வது. வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை. உருகும் மெழுகு வாசனை, மேசை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். வருகிறவர்கள் முதலில் பயப்படுவார்கள், பிறகு அதில் தங்கள் தாடை எது என்று தேடுவார்கள்.

என் மச்சானுடைய தாடை மட்டும் அங்கே கிடையாது. அச்சு எடுக்க வேண்டுமென்றால் குழைத்த மாவை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். என் மனைவியின் தம்பிக்கு அது பிறவியிலேயே வராது. முயன்றபோதெல்லாம் மாவில் பதிந்தது தாடை அல்ல, ஒரு சொற்பொழிவு. வெறுத்துப்போய் அக்காவின் அச்சிலேயே தம்பிக்கும் செட் செய்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தக் குடும்பத்துக்கே ஒரே தாடைதான் என்று நினைத்துக்கொண்டேன். என் சோம்பேறித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட நாள் அது.

நானும் மனைவியும் எழுபதைத் தாண்டியிருந்தபோது ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா பட்டறைக்கு வந்தார். ஆயுளை நீட்டும் மருந்து கண்டுபிடித்திருந்தார். கடுகளவு மணி. ஈறோடு ஒட்டியிருந்தால் பல வருஷம் மெல்லக் கரைந்து உடம்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு சிக்கல். சோதனைக்கு வந்த கிழவர்கள் அதைச் சாப்பாட்டோடு விழுங்கிவிட்டார்கள், அல்லது கல் என்று துப்பிவிட்டார்கள்.

பல் செட்டின் ரோஸ் நிறத் தகட்டுக்குள் மணியைப் பதித்துவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். மனித குலத்துக்கு நான் செய்த ஒரே சேவை அது. விளைவைப் பார்த்தால் மனித குலம் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்த அம்மா தன் ஆய்வுக்கூடத்தில் ஓர் எலியைக் காட்டினார். மூன்று இயக்குநர்களின் பணி ஓய்வு விழாவைப் பார்த்த எலி. நான்காமவரை அது மதிக்கவே இல்லை.

சோதனைக்கு வந்தவர்களின் செட்டுகளில் மணி பதித்துக் கொடுத்த வேலைக்குக் கூலியாக இரண்டு மணிகள் கொடுத்தார், எனக்கொன்று, என் மனைவிக்கொன்று. தனக்கு ஒன்று எடுத்துவைக்க வேலை மும்முரத்தில் மறந்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். செய்முறையும் அவர் தலைக்குள்ளேயே போயிற்று.

என் செட்டில் பதித்துக்கொண்ட மணி வேலை செய்தது. முழங்கால் வலி போனது. வழுக்கையில் முடி முளைத்தது. காதில் அதைவிட அதிகமாக முளைத்தது. படிகளில் ஓடி ஏறி மனைவி முன் மூச்சு வாங்காமல் நின்றேன்.

"பாத்தியா? உனக்கும் ஒண்ணு இருக்கு. செட்டைக் கழட்டிக் குடு, ஒரு நாள்ல பதிச்சுடறேன்."

"எனக்கு வேணாங்க."

"ஏன்?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னா இன்னொரு தட்டு கேட்டே ஆகணுமா? வயிறு நிறைஞ்சுடுச்சு."

"இன்னும் நூறு வருஷம் ஒண்ணா இருக்கலாம்டி!"

"அதான் சொல்றேன், வேணாம்னு. இன்னும் நூறு வருஷம் உங்க குறட்டையா? தூக்குல போட்டாலும் ஒரு நாள்ல முடிஞ்சுடும்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே பட்டறைக்கு இறங்கினேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இவள் இல்லாத வீட்டில் நூறு வருஷம் நான் யாரோடு இருப்பேன்? என் பொய்களை 'புளுகாதீங்க' என்று அதட்ட இன்னொரு ஆளை எங்கே தேடுவேன்?

புத்திசாலி என்று நினைத்துக்கொள்கிறவன் செய்வதைச் செய்தேன். "உன் செட் தேஞ்சுபோச்சு, புதுசு போட்டுக்கோ" என்று ஒரு புதிய செட் செய்தேன். மணியை உள்பக்கம் பதித்து, நாக்குக்கே தெரியாதபடி தேய்த்து மெருகேற்றினேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பயப்பட வேண்டும் என்பது கூட எனக்கு மறந்துவிட்டது.

காத்திருந்தேன். அவள் தலைமுடி வெளுத்துக்கொண்டேதான் போனது. படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறினாள். மணி கெட்டுப்போனதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் மச்சான் வந்தான். தடதடவென்று மாடி ஏறி வந்தான். தலையில் கறுகறுவென்று முடி.

"என்ன மாமா, அப்படிப் பாக்குறீங்க?"

"வாயைத் திறடா."

"எதுக்கு மாமா? அதிருக்கட்டும், நேத்து ஒரு விஷயம் நடந்துச்சு கேளுங்க..."

பேசத்தான் திறந்தான். நான் மெருகேற்றிய தகடு உள்ளே பளபளத்தது.

சமையலறைக்கு ஓடினேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் புது செட் எங்க?"

"அவன் வாயில."

"அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாமலா? இத்தனை வருஷம் நீங்க செஞ்ச செட்டைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். ஒண்ணுலயும் இவ்வளவு பாலிஷ் பாத்ததில்ல. நீங்க ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சீங்கன்னாலே அதுல திருட்டுத்தனம் இருக்குன்னு அர்த்தம்."

காய் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

"அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுத்தேன், உங்கள மாதிரி இல்ல. சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாயில போட்டுக்கிட்டான்."

"போயும் போயும் இவனுக்கா? உலகத்துல வேற ஆளே இல்லையா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "என் தாடை வேற யாருக்குப் பொருந்தும்? அதோட, நான் போனப்புறம் உங்களுக்குச் சண்டை போட ஒரு ஆள் வேணாமா? தனியா இருந்தா உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும்."

"இவன் கூட இருந்தாலும் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். கூட ஆள் இருக்கும்ல."

அவள் தன் கணக்குப்படி, தன் பழைய செட்டோடு, ஒரு மழைக்காலத்தில் போனாள். மச்சான் துக்கத்துக்கு வந்தவன், கொண்டுவந்த துணிப் பெட்டியைத் திரும்ப எடுக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மணி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதன் தலைவர் பதவி காலியானதே இல்லை. கூட்டத்தில் பாதி நேரம் யாருடைய பேரன் போனான் என்ற செய்தியில் கழியும். மீதி நேரம் மச்சான் பேசுவான்.

போன வாரம் அவன் செட் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. உடைசலைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். பல் இல்லாததால் என்ன பேசுகிறான் என்றே புரியவில்லை. என் வாழ்நாளின் இனிமையான காலைகளில் அதுவும் ஒன்று.

தகட்டை விளக்குக்குக் கீழே பிடித்தேன். மணி எள்ளளவாகத் தேய்ந்து பிளவில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஊதினால் போதும், பறந்துவிடும். அடுத்த வருஷமே முடி வெளுக்கும், முழங்கால் வலிக்கும், மச்சானும் அக்காவைத் தேடிப் போவான். எனக்கு நிம்மதி.

இடுக்கியில் மணியை எடுத்து, பழைய குழியிலேயே வைத்துத் தகட்டை ஒட்டினேன். அரத்தால் ராவினேன். பாலிஷ் மட்டும் போடவில்லை, சந்தேகப்படுவான்.

"இந்தா, மாட்டிக்கோ."

மாட்டிக்கொண்டான். கடித்துப் பார்த்தான். கைக்குட்டையை உதறி மடித்தான்.

"அப்ப என்ன சொல்லிட்டிருந்தேன் மாமா..."

"புளுகாதடா," என்றேன், அவன் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.